எர்லீன் கேட்ட கடைசி ஆட்டம்

பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற எங்கள் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கே பிரெண்டிஸ் என்னைப் போனில் பிடித்துவிட்டான். அடுப்பில் கிளறிக்கொண்டிருந்த சோளக்கஞ்சி அடிப்பிடித்தது அதனால்தான்.

"நெல்டாக்கா, நம்பர் பாத்தீங்களா?"

"நான் எங்கப்பா பாக்கறது? நீ சொன்னாத்தானே தெரியும்."

"விழுந்துடுச்சுக்கா. போன வருஷத்த விட அஞ்சுல ஒரு பங்கு ஆளு பாக்கல. நாடு முழுக்க இதே கதை. நம்ம பக்கம் இன்னும் மோசம். உங்க கையில முப்பத்தொரு வீடு இருக்கு. அதுல ஒம்பது வீட்டுல டிவியே போடல. கால்பந்துன்னா உயிர விடற அலபாமாவுல, அக்கா! அலபாமாவுல ஒம்பது வீடு!"

சாவுச் செய்தி சொல்வதுபோல் சொன்னான். பாவம், இருபத்தொன்பது வயதுப் பையன். எனக்கு மேலதிகாரி. அவனுக்கு மேலே இருக்கிறவர்கள் விடியற்காலையிலேயே அவனைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள் என்று குரலிலேயே தெரிந்தது.

என் வேலை இதுதான். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அது சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைக்கும். வீட்டில் ஆளுக்கு ஒரு பொத்தான். டிவி முன்னால் உட்கார்ந்ததும் அவரவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துகிறவரை சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், அழுத்தியதும் பச்சையாகும். அந்தப் பெட்டிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் வடக்கு அலபாமாவில் நான். பதினாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இந்த வேலையில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. ஏன் பார்த்தீர்கள், ஏன் பார்க்கவில்லை என்று யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் அவர்கள் நம்மைத் திருப்திப்படுத்துவதற்காகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்களாம்.

"ஒம்பது வீட்டுல எப்படியும் நாலஞ்சு பெட்டிக் கோளாறாத்தான் இருக்கும். போய்ப் பாத்துக் கோளாறுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா அந்த வீடுங்கள எண்ணிக்கையிலருந்தே எடுத்துடலாம்" என்றான் பிரெண்டிஸ்.

"கோளாறு இல்லன்னா?"

"இருக்கும்க்கா."

கஞ்சிச் சட்டியை ஊறப்போட்டுவிட்டு, கடைத்தெருவில் ஏதாவது சாப்பிடலாம் என்று போனேன். எங்கள் ஊர் லூக்கஸ் ஃபெரி. அங்கே காலையில் பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியும் அதன்மேல் ஊற்றுகிற வெள்ளைக் குழம்பும் கிடைக்கிற இடம் ஒன்றுதான், ஆண்கள் கூடிப் பேசுகிற இடமும் அதுதான். அன்று பேச்சு வேறென்ன? இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணியுமே வடக்கத்தி அணிகள், நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்றார் ஒருவர். முன்னெல்லாம் புத்தாண்டோடு முடிந்துபோகும், இப்போது ஜனவரிக் கடைசி வரை இழுக்கிறார்கள், அதற்குள் மனுஷனுக்கு அலுத்துவிடுகிறது என்றார் இன்னொருவர். திங்கட்கிழமை வைத்தால் மறுநாள் வேலைக்குப் போக வேண்டாமா என்றது மூலை மேசை. சுற்றுக்குச் சுற்று விளம்பரம், நாலு மணி நேரம், "என் மச்சினன் கல்யாணத்துலயே நான் அவ்வளவு நேரம் உக்காரல" என்றார் தபால்காரர். நான் வாயைத் திறக்கவில்லை. எந்த வீட்டில் பெட்டி இருக்கிறது என்று வெளியே சொல்வதும் விதிப்படி குற்றம்.

காரில் உட்கார்ந்து பிரெண்டிஸ் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மூன்றாவது பெயரில் கண் நின்றுவிட்டது. வெர்லன் டிட்மோர், ஆற்றங்கரைச் சாலை.

வெர்லன் ஐயாவுக்கு எழுபத்தொரு வயது. டயர் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி எர்லீனம்மாவுக்கு அறுபத்தெட்டு. அந்த வீட்டில் பெட்டி வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்குள் ஒரு கால்பந்து ஆட்டம் விட்டதில்லை. நம் அணி ஆடினாலும் சரி, பெயர் தெரியாத இரண்டு அணிகள் ஆடினாலும் சரி, ஒன்றாம் பொத்தானும் இரண்டாம் பொத்தானும் ஒரே நிமிஷத்தில் பச்சையாகும். அந்த வீட்டில் இறுதி ஆட்டத்தன்று இருட்டு என்றால், உண்மையிலேயே பெட்டிதான் கெட்டிருக்க வேண்டும்.

மறுநாள் போனேன். வீடு பூட்டியிருந்தது. வண்டியும் இல்லை. மற்ற வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தேன். எட்டு வீட்டிலும் பெட்டிகள் நன்றாகவே இருந்தன. எட்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை முற்பகலில், மறுபடி ஆற்றங்கரைச் சாலைக்குப் போனேன்.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். ஜன்னல் கண்ணாடி வழியாக எர்லீனம்மா தெரிந்தார். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, கப்பலில் நடக்கிறவர்போல மெல்ல அடி வைத்துக்கொண்டிருந்தார். நான் தட்டுவதைச் சட்டையே செய்யவில்லை. கோபமோ என்று நினைத்தேன். திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். பிறகு சிரித்தார். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. இடப்பக்கத்து உதடு அசையவில்லை. காதுக்குப் பின்னால் வெள்ளைக் கட்டு.

கதவைத் திறந்தவர், தெருமுனைவரை கேட்கிற குரலில் சொன்னார்.

"தட்டினியா? தட்டியிருப்ப. உள்ள வா கண்ணு. எனக்குக் காது போயிடுச்சு."

டயர் பஞ்சராகிவிட்டது என்கிற மாதிரிதான் சொன்னார்.  அவர் என்னைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து, ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் முன்னால் தள்ளினார்.

"எதுவா இருந்தாலும் இதுல எழுது. பெரிசா எழுது. வெர்லன் கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார். கத்தறேனா? கத்தினா கைய இப்படிக் கீழ காட்டு, குறைச்சுக்கறேன்."

நான் கையைக் கீழே காட்டினேன். சட்டென்று கிசுகிசுப்புக்கு இறங்கிவிட்டார். மறுபடி மேலே காட்டினேன். இப்படி இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கி ஒரு அளவுக்கு வந்தபோது இருவருமே சிரித்துவிட்டோம்.

'பெட்டியைச் சோதிக்க வந்தேன்' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, டிவி இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தார்.

"பெட்டியா? அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு நாங்கதான் போடல. அதுக்குத்தானே வந்த?"

நான் எதுவும் எழுதவில்லை. நான் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவரேதான் சொன்னார்.

அவருக்கு வலது காது எட்டு வயதிலேயே போய்விட்டது, பொன்னுக்கு வீங்கி வந்து. அறுபது வருஷம் இடது காதை வைத்தே ஓட்டினார். தலைசுற்றல் என்று போன இலையுதிர் காலத்தில் டாக்டரிடம் போனபோது அந்தக் காதுக்கு உள்ளே கட்டி என்று கண்டுபிடித்தார்கள்.

"கோலிக்குண்டு அளவு. மூளையப் போய் இடிக்குதாம். எடுத்தா காது போகும், எடுக்கலன்னா ஆளே போயிடுவீங்கன்னார் டாக்டர். சரி, காதே போகட்டும்னேன். பர்மிங்ஹாம்ல ஆபரேஷன். தேதி எப்ப விழுந்துச்சு தெரியுமா? இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் காலைல ஆறு மணி. வெர்லன் மூஞ்சியப் பாக்கணுமே நீ. தேதிய மாத்தச் சொல்லிக் கேக்கவும் முடியல, கேக்காம இருக்கவும் முடியல."

வெர்லன் ஐயா பதினோரு வயதிலிருந்து ஒரு இறுதி ஆட்டத்தைக்கூட விட்டதில்லையாம். அவருடைய அப்பாவின் சவப்பெட்டி நடுவீட்டில் இருந்தபோதும், சமையலறையில் ரேடியோவைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றவராம்.

ஆக, அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் எர்லீனம்மாவுக்குக் காது கேட்கிற கடைசிச் சாயங்காலம். சபைக்கூட்டத்துத் தோழிகள் ஞாயிற்றுக்கிழமையே வந்து பாடிவிட்டுப் போய்விட்டார்கள். மோபீலில் இருக்கிற மகள் மதியமே போனில் பேசி, பேரப்பிள்ளைகளைப் பேசவைத்து, அழுது முடித்துவிட்டாள். ஆறு மணிக்கு வெர்லன் ஐயா முட்டை பொரித்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.

"நானேதான் சொன்னேன், ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது, போடுன்னு. நிஜமாத்தான் சொன்னேன். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். ஆட்டம் எனக்குப் பிடிக்காது, இன்னிக்கு வரைக்கும் பிடிக்காது. ஆனா அந்தக் கூட்டம் கத்தற சத்தம் இல்லாம ஒரு சனிக்கிழமை நான் பாத்ததில்ல. இவர் எழுந்து போனார். போடத்தான் போறார்னு பாத்தா, குனிஞ்சு செவுத்துலருந்து வயரையே உருவிட்டார். பெட்டியும் சேந்து அணைஞ்சு போச்சு. அப்புறம் ஒரு நாற்காலிய இழுத்து எனக்கு எதிர்ல போட்டு உக்காந்தார். எப்பவும் பக்கத்துலதான் உக்காருவார். எதிர்ல உக்காந்து நான் பாத்ததே இல்ல. 'உனக்கு என்ன கேக்கணும் சொல்லு. பாட்டு வேணும்னா போடறேன்'னார். 'உன் குரல்தான் வேணும், பேசு'ன்னேன். மனுஷனுக்கு வேர்த்துப்போச்சு."

எனக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது சிரமமாக இல்லை. ஒன்றரை வருஷத்தில் வெர்லன் ஐயா என்னிடம் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். அதில் ஐந்து 'ஆமாம்மா'.

"நாப்பத்தாறு வருஷத்துல இந்த ஆள் என்கிட்டப் பேசினத எல்லாம் சேத்தா ஒரு தபால் கார்டுல அடங்கிடும். ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம், 'மழை வரும்போல இருக்கு'ன்னார். 'ம், அப்புறம்?'னேன். 'வந்தா நல்லதுதான்'னார். அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு!"

எர்லீனம்மா மேசையில் கையை அடித்துச் சிரித்தார். ஒரு கண்ணில் மட்டும் நீர் தளும்பியது. இன்னொரு கண் இமைக்க முடியாமல் திறந்தே கிடந்ததால் அதில் மருந்து விட்டிருந்தார்கள்.

பேச எதுவும் கிடைக்காமல் திண்டாடிய மனிதர், கடைசியில் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிடித்தார். ஆட்டம் சொல்லத் தெரியும். எழுபத்தேழாம் வருஷம் அவர்கள் இருவரும் முதல்முதலாகச் சேர்ந்து பார்த்த ஆட்டத்தை, ரேடியோவில் வர்ணனை சொல்கிறவர் மாதிரி ஆரம்பித்தாராம். எர்லீனம்மா குரலைத் தடித்துக்கொண்டு நடித்தே காட்டினார்.

"'நேயர்களே, மழை கொட்டுது. மைதானமே சேறு. பந்து நம்ம பையன் கையில. இதோ ஓடறான், வலது பக்கம் ஓடறான், ரெண்டு பேரு மேல விழறாங்க, நாலு கெஜம்தான் கிடைச்சுது!' இப்படியே முதல் பாதி முழுக்க. ஒரு ஓட்டம் விடல. யாரு யாரத் தள்ளினா, யாருக்குக் கணுக்கால் பிசகிச்சு, எல்லாம். நான் பேசாமக் கேட்டுக்கிட்டே இருந்தேன். ரெண்டாம் பாதி வந்ததும் நிறுத்திட்டார். என்னாச்சுன்னேன். 'நேயர்கள் மன்னிக்கணும், ரெண்டாம் பாதி எனக்கு ஞாபகம் இல்ல. பக்கத்துல பச்சைக் கோட்டு போட்ட ஒரு பொண்ணு என் அவிச்ச வேர்க்கடலை எல்லாத்தையும் தின்னுக்கிட்டு இருந்தா. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்'னார்."

அதற்கப்புறம் மடை திறந்ததுபோல் வந்ததாம். தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்றவனுக்கு விரல் போன நாள். எர்லீனம்மாவின் அப்பாவிடம் பெண் கேட்கப் போய், பயத்தில் வீட்டை மூன்று தடவை காரில் சுற்றியது. ஈஸ்டருக்கு ஈஸ்டர் எர்லீனம்மா ஆசையாகச் செய்கிற தேங்காய்க் கேக்கைத் தான் ஒருநாளும் தின்றதில்லை, மேசைக்கு அடியில் நாய்க்குத்தான் போட்டார் என்பது. ஒரு நாய் இல்லை, மூன்று தலைமுறை நாய்கள்.

"தலகாணியத் தூக்கி வீசினேன் அவர் மேல. எந்த நாயும் மெலிஞ்சு நான் பாக்கல, அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்!"

பாதி ஆட்டத்தில் நண்பர் ஹாய்ட் போன் செய்திருக்கிறார், பார்க்கிறாயா என்று. 'இல்லை' என்று சொல்லிவிட்டு வெர்லன் ஐயா வைத்துவிட்டார். வெர்லன் ஆட்டம் பார்க்கவில்லை என்றால் நெஞ்சுவலிதான் என்று முடிவு கட்டி, ஹாய்ட் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். கதவைப் பாதி திறந்து வெர்லன் ஐயா, "பேசிக்கிட்டு இருக்கேன், இன்னொரு நாள் வா" என்றாராம். "யாரோட?" "என் பொண்டாட்டியோட." "நீயா?" என்று கேட்டுவிட்டு ஹாய்ட் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றிருந்தாராம், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

"பத்தேகால் வரைக்கும் பேசினார். ஆட்டம் முடியற நேரம் வரைக்கும். நாலு மணி நேரம், நெல்டா! ஒரு வார்த்தை நான் விடல. எல்லாத்தையும் உள்ள வெச்சிருக்கேன்" என்று தலையைத் தொட்டுக் காட்டினார். "இப்ப ராத்திரி படுத்தா ஒண்ணு ஒண்ணா எடுத்துக் கேட்டுக்கறேன்."

அந்த நேரத்தில்தான் வெர்லன் ஐயா பின்கதவு வழியாக வந்தார். கையில் காய்கறிப் பை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எர்லீனம்மாவின் முகத்தைப் பார்த்ததும் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று புரிந்து, காது சிவந்துபோய், பையிலிருந்து உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேர்க்கடலை, நாய், எல்லாம்" என்றார் எர்லீனம்மா.

நான் எழுந்து டிவி அறைக்குப் போனேன். பெட்டியின் வயரைச் சுவரில் சொருகினேன். விளக்கு எரிந்தது, பொத்தான்கள் வேலை செய்தன. எந்தக் குறையும் இல்லை. திரும்பினால் வெர்லன் ஐயா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், சமையலறை மேசையிலிருந்து எர்லீனம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெல்டாம்மா" என்றார் வெர்லன் ஐயா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தணிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்ததுபோல ஒரு கணம் நின்றார். "ஒரு வார்த்தை விடலன்னு சொன்னாளா?"

"சொன்னாங்க ஐயா."

"எட்டரைக்குத் தூங்கிட்டா. ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரை. நாற்காலியில அப்படியே சாஞ்சு தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. கேக்கறதுக்கு இருக்கறதே அந்த ராத்திரிதான், அதுலயும் ஒரு மணி நேரம் போகுதேன்னு ஒரு பக்கம். அவ்வளவு நிம்மதியாத் தூங்கறாளேன்னு ஒரு பக்கம். எழுந்ததும், 'நிறுத்தாத, சொல்லு'ன்னா. தூங்கினதே அவளுக்குத் தெரியல. நானும் சொல்லல."

"பரவாயில்ல ஐயா. மீதி மூணு மணி நேரம் கேட்டாங்களே."

"அதில்லம்மா." அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "அவ தூங்கும்போதும் நான் பேசறத நிறுத்தல. நெஜமாச் சொல்ல வேண்டியத அப்பத்தான் சொன்னேன். முழிச்சிருக்கறப்ப வாய் வரல."

 "எழுதிக் குடுங்களேன்" என்றேன்.

"எனக்கு எழுத்து சரியா வராதும்மா. கையெழுத்துப் போடுவேன். பேரு, தேதி. அவ்வளவுதான். வீட்டுல எழுத்து வேலை எல்லாம் அவதான்."

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது, வீடே அதிர.

பெட்டி வைத்த வீட்டில் பெட்டியைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்பதும் விதிதான். நான் போய் மேசையில் உட்கார்ந்து நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வெர்லன் ஐயா எதிரில் உட்காரவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்து நின்று, ஜன்னலைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எர்லீனம்மா என் பேனாவையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர்களுக்கு ஒரு மகன் பிறந்திருந்தான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எண்பத்து நாலாம் வருஷம், பிப்ரவரி மாதம். இரண்டே நாள் இருந்தான். எர்லீனம்மா ஜன்னி வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்ததால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. வெர்லன் ஐயாவும் பாதிரியாரும்தான் போனார்கள். அதைப் பற்றி எர்லீனம்மா கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவர் சொன்னதில் கொஞ்சம்தான் இங்கே சொல்கிறேன். மற்றது அவர்களுடையது.

'அவன் பெட்டியை வண்டியின் பின்பக்கம் வைக்கச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். ரொம்ப லேசாக இருந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு நேர்வழியில் பத்து நிமிஷம்தான். நான் ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போனேன். அவன் ஊரில் எதையுமே பார்க்கவில்லையே என்று தோன்றியது. மெதுவாக ஓட்டினேன். பாலத்தைக் காட்டினேன். நான் மீன் பிடிக்கிற இடத்தைக் காட்டினேன். உன் அம்மா நன்றாகப் பாடுவாள் என்று சொன்னேன்.'

  எல்லாம் எழுதி முடித்தபோது மூன்று பக்கம் வந்தது.

நோட்டைத் திருப்பி எர்லீனம்மாவின் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல் எனக்கும் வெர்லன் ஐயாவுக்கும் மட்டும் கேட்டது. முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி படித்தார்.

தலையை நிமிர்த்தி, "எந்த வழியா?" என்று கேட்டார். எழுதியிருந்ததுதான். இருந்தாலும் கேட்டார்.

"ஆத்தோரமா" என்றார் அவர்.

எர்லீனம்மா அவருடைய உதட்டையே பார்த்தார். "ஆத்தோரமா?"

அவர் தலையசைத்தார்.

"அன்னிக்கு நீ திரும்பி வர சாயங்காலம் ஆச்சு." இந்த முறை எர்லீனம்மாவின் குரலை யாரும் ஏற்றவும் இறக்கவும் வேண்டியிருக்கவில்லை. "பத்து நிமிஷ வேலைக்குப் போனவன் பொழுது சாயற வரைக்கும் வரல. எம்புள்ளைய மண்ணுல போட்டுட்டு எங்கயோ குடிக்கப் போயிட்டான்னு நினைச்சேன். கேக்கவே இல்ல உன்ன. கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம். நாப்பத்தோரு வருஷமா உம்மேல அந்தக் கோவம் இருந்துச்சு, வெர்லன். அடியில எங்கயோ. இருந்துக்கிட்டே இருந்துச்சு."

 வெர்லன் ஐயா மனைவியின் பக்கத்தில் வந்து நின்று, தலையில், கட்டு இல்லாத பக்கமாக, கையை வைத்தார். டயர் ரப்பரில் கறுத்துப்போன பெரிய கை. எர்லீனம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

சிறிது நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இத ஏன் அன்னிக்கே சொல்லல? நாயப் பத்திச் சொல்லத் தெரிஞ்சுதே" என்றார்.

வெர்லன் ஐயா என்னைப் பார்த்தார். "மறந்துட்டேன்னு எழுதுங்கம்மா."

எழுதினேன். எர்லீனம்மா படித்துவிட்டு, "பொய்யி" என்றார். ஆனால் கையை விடவில்லை.

நான் என் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன். அந்த வீட்டில் அதற்கு அவசியம் இல்லைதான். இருந்தாலும் கதவை மெதுவாகச் சாத்தினேன்.

காரில் உட்கார்ந்து பிரெண்டிஸைக் கூப்பிட்டேன். "ஒம்பதாவது வீடும் பாத்துட்டேன். பெட்டி நல்லா இருக்கு. ஒம்பதுமே நல்லா இருக்கு."

"அக்கா, அக்கா, கொஞ்சம் யோசிங்க. மத்த வட்டாரத்துல எல்லாம் ரெண்டு மூணு கோளாறு காட்டியிருக்காங்க. டிட்மோர் வீடு மாதிரி ஒரு வீடு இருட்டுன்னா யாரு நம்புவா? அந்த ஒரு வீடு பல ஆயிரம் வீட்டுக்குச் சமம்."

"அப்படின்னா பல ஆயிரம் வீட்டுல அன்னிக்குப் புருஷன் பொண்டாட்டிகிட்டப் பேசியிருக்கான்னு எழுதிக்கோ."

"என்னது?"

"ஒண்ணுமில்லப்பா. டிவி போடல. பெட்டி வேல செய்யுது. அவ்வளவுதான் நான் எழுதுவேன்."

 திட்டப் போகிறான் என்று நினைத்தேன். "சரி, அப்படியே அனுப்புங்க. நான் மேல பேசிக்கறேன்" என்றான். பிறகு, "அக்கா, நானும் அன்னிக்குப் பாக்கல" என்றான். "எம்பொண்ணுக்குப் பல்லு முளைக்குது. ராத்திரி முழுக்கத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஆகஸ்டு மாதம் அவர்கள் வீட்டுக்கான இரண்டு வருஷக் கெடு முடிந்து, பெட்டி கழற்றப்பட்டது. நான் அன்று வேறு ஊரில் இருந்ததால் வேறொருவர் போய் எடுத்துவந்தார். அதன்பின் அவர்களைப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சைகை மொழி வகுப்பு நடக்கிறது, இருவரும் வருகிறார்கள் என்று அங்கே வேலை செய்கிற என் நாத்தனார் சொன்னாள். சனிக்கிழமை என்றால் ஆட்டம் நடக்கிற நாளாயிற்றே என்றேன். வெர்லன்தான் வகுப்பிலேயே மோசமான மாணவர், ஆனால் ஒரு வாரம் தவறியதில்லை என்றாள்.

அக்டோபரில் ஒரு நாள் மளிகைக் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் அவர்களைப் பார்த்தேன். நடுவழியில் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கைகளால். எர்லீனம்மாவின் விரல்கள் மின்னல்போல் ஓடின. வெர்லன் ஐயாவின் தடித்த விரல்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் முட்டி மோதி, தப்பாக விழுந்து, அழித்து, மறுபடி ஆரம்பித்தன. எதைப் பற்றிச் சண்டை என்று எனக்குப் புரியவில்லை. தள்ளுவண்டியிலிருந்த ஐஸ்கிரீம் டப்பா வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஒரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. எர்லீனம்மா திரும்பவில்லை. வெர்லன் ஐயாவுக்குக் கேட்டது. வண்டிக்காரனைப் பார்த்து, கொஞ்சம் பொறு என்று ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, தான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தார்.